புது வீட்டில் முதல் போட்டோ மீட்டருக்கு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பையன் கேம்ஸ் ஆடுகிறான், நாங்கள் படம் பார்க்கிறோம். இதைத் தவிர வீட்டுக்கு இதனால் என்ன பயன்?" இதற்கு நான் முன்பெல்லாம் பட்ஜெட் போடலாம், கடிதம் டைப் செய்யலாம் என்று பொதுவாகச் சொல்லி வந்தேன். இப்போது என் பதில் மாறிவிட்டது. முதலில் கரண்ட் பில்லுக்கு என்று ஒரு போல்டர் திறந்து வையுங்கள் என்கிறேன். நீங்கள் வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் இன்றே திறந்துவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையே சாட்சி.

பால் காய்ச்சிய போட்டோ

2023ஆம் ஆண்டு வைகாசி பிறந்ததும் புது வண்ணாரப்பேட்டையிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு வீடு மாறினோம். எம்.சி. ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரம். மூன்று போர்ஷன் கொண்ட பழைய வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரே பலகையில் மூன்று மீட்டர்கள். வீட்டுக்காரர் நல்லவர், பேச்சும் மரியாதையானது. அட்வான்ஸ் கொடுத்தோம், சாவி வாங்கினோம், பால் காய்ச்சினோம், சாமான்களை இறக்கினோம். மீட்டரில் என்ன எண் ஓடுகிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வருடக்கணக்காகக் கம்ப்யூட்டர் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிற எனக்கும் தோன்றவில்லை!

ஜூன் இரண்டாம் வாரம் ரீடிங் எடுத்தார்கள். 620 யூனிட், 2,930 ரூபாய். நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கணக்கீட்டுக் காலத்தின் முதல் பாதி முழுவதும், அக்னி நட்சத்திர வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அவங்க அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன் சார். இப்ப போய் எப்படிக் கேக்கறது? பில்லு உங்க காலத்துலதானே வந்திருக்கு?" என்றார்.

மின்வாரியத்தின் பக்கம் எந்தத் தவறும் இல்லை. மீட்டர் சரியாக ஓடியது, ரீடிங்கும் சரி. தவறு என்னுடையது. எந்த எண்ணிலிருந்து என் கணக்கு தொடங்கியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

அன்று இரவு, பால் காய்ச்சிய அன்று என் மகள் செல்போனில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் என் மாமியார் சாமான் வண்டிக்காரருக்குக் காபி டம்ளர் நீட்டுகிறார். அவருக்குப் பின்னால் மாடிப்படி, அதன் கீழே மீட்டர் பலகை! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடு மீட்டர் எங்களுடையது. எண்கள் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. ஜூன் ரீடிங்கில் இருந்து அதைக் கழித்தால் 270 வந்தது. அதாவது 620 யூனிட்டில் 350 எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எரித்தது.

அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். யூனிட் விகிதப்படி பிரித்தால் என் பங்கு 1,276 ரூபாய், மீதி 1,654. அந்த மீதியில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார், பாதியை நான் கட்டினேன். முழு வெற்றி இல்லைதான். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த 827 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

இரண்டு குடும்பம், ஒரே ஸ்லாப்

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கான சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதன் பிறகு 2024 ஜூலையிலும் அடுத்தும் கட்டணம் திருத்தப்பட்டது. விலைகள் மாறின, ஆனால் 500க்கு மேல் எகிறும் இந்த அமைப்பு மாறவில்லை.

என் கதைக்கு இதைப் பொருத்துங்கள். 270 யூனிட் மட்டும் தனி பில்லாக வந்திருந்தால் 540 ரூபாய். 350 யூனிட் தனி பில்லாக வந்திருந்தால் 900 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 1,440. ஒரே பில்லில் 620 யூனிட்டாக வந்ததால் 2,930. அவர்களும் சிக்கனம், நாங்களும் சிக்கனம். ஆனால் ஒரே கணக்கீட்டுக் காலத்தில் ஒரே மீட்டரில் சேர்ந்துவிட்டதால் எங்கள் இரு குடும்பமும் ஒரு பெரிய வீட்டுக்காரர் போலக் கணக்கில் ஏறிவிட்டோம். மீட்டருக்கு மனிதர் தெரியாது, யூனிட் மட்டுமே தெரியும்.

கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காமல் போனாலும் இதே சிக்கல் எழும். நான்கு மாத யூனிட் ஒரே பில்லில் ஏறினால் தொகை எகிறிவிடும். மேலே சொன்ன கட்டணப்படி 400 யூனிட் பில் இரண்டு என்றால் மொத்தம் 2,250 ரூபாய். அதையே 800 யூனிட் ஒரே பில்லாகப் போட்டால் 4,550. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாதபோது முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு ரீடிங் எடுத்ததும் மொத்த யூனிட்டை இரண்டு கணக்கீட்டுக் காலமாகப் பிரித்துக் கணக்கிட்டு, கட்டிய தொகையைக் கழித்தார்கள். பிரித்துக் கணக்கிடும் வழி இருக்கிறது என்பதற்கு அதுவே உதாரணம். உங்களுக்கு அப்படி ஒரு பில் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எத்தனை மாதத்துக்கான யூனிட்?" என்பதுதான்.

கனெக்‌ஷன் வீட்டுக்கா, ஆளுக்கா?

இங்கிலாந்தில் வீடு மாறுபவர் கிளம்பும் நாளில் மீட்டர் ரீடிங்கைக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். புது வீட்டிலும் முதல் நாள் ரீடிங்கைச் சொல்லித் தன் பெயரில் கணக்குத் தொடங்குகிறார். கம்பெனி தன் தவறால் பில் போடாமல் விட்ட மின்சாரத்துக்கு 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் பணம் கேட்கக் கூடாது என்று 2018லிருந்து அங்கே விதி இருக்கிறது.

நம் ஊரில் கனெக்‌ஷன் வீட்டோடு இருக்கிறது. பில் வீட்டுக்காரர் பெயரில், சில வீடுகளில் காலமான அவர் தாத்தா பெயரில்கூட வருகிறது. குடியிருப்பவர் பணம் கட்டுகிறார், ஆனால் பில்லில் அவர் பெயர் இல்லை. அதனால் "எனக்கு இதில் பேச உரிமை இல்லை" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது தவறு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் நுகர்வோர் என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள விளக்கத்தில், தன் உபயோகத்துக்கு மின்சாரம் பெறுபவர் எவரும் அடங்குவார். வீடு சொந்தமா, வாடகையா என்று அது பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின் இணைப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2022 மே மாதம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், தகராறு இருக்கிறது என்பதற்காக வீட்டு உரிமையாளர் மின்சாரம், தண்ணீர் போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்கிறது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்த ஒப்பந்தத்தில் 'குடிவந்த நாள் மீட்டர் ரீடிங்: இவ்வளவு' என்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் செலவில்லை.

வடசென்னைக்காரனாக இதில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. பேசின் பிரிட்ஜும் எண்ணூரும் அத்திப்பட்டும் சென்னைக்கு விளக்கேற்றிய இடங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970லிருந்து 2017 மார்ச் வரை ஓடியது. அதன் சாம்பல் படிந்த மொட்டை மாடிகளில் வற்றல் காயப்போட்டவர்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள். ஆனால் இங்கேதான் ஒரு கனெக்‌ஷனில் நான்கு போர்ஷன், உள்ளே சப்-மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததே விலை என்ற நிலை சகஜம். இலவச 100 யூனிட் அந்த வாடகைக்காரர் கைக்கு வந்து சேருவதே இல்லை. மின்சாரம் நம் ஊரில் பிறக்கிறது, சலுகை மட்டும் நம் போர்ஷன் வாசலில் நின்றுவிடுகிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும்?

1. 'கரண்ட்' என்று ஒரு போல்டர் திறக்கவும். அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போல்டர். பழைய வீட்டு போல்டரை வீடு மாறியதும் அழித்துவிடாதீர்கள்.

2. சாவி வாங்கும் நாளிலும், சாவி கொடுக்கும் நாளிலும் மீட்டரை போட்டோ எடுக்கவும். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், யூனிட் என்று எண்கள் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.எச். என்று காட்டும் எண்தான் யூனிட். அது வரும் வரை காத்திருந்து எடுங்கள். மீட்டரின் சீரியல் நம்பரும் படத்தில் விழ வேண்டும்.

3. படத்தைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். பைல் மேல் மவுஸை வைத்து ரைட் க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் படம் எடுத்த தேதி தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தேதி அழிந்துவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' என்று தேர்வு செய்து அனுப்பவும். மூலப் படத்தை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வைக்கவும்.

4. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று நான்கு பத்திகள். புது ரீடிங்கில் இருந்து பழைய ரீடிங்கைக் கழிக்கும் பார்முலாவை ஒருமுறை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் ஆயுசுக்கும் வேலை செய்யும். வாரம் ஒரு முறை மீட்டரைப் பார்த்து எண்ணைப் பதிவு செய்தால், 500ஐ எப்போது தொடப் போகிறீர்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.

5. மின்வாரிய இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பில்லையும் கட்டிய ரசீதையும் பி.டி.எப். பைலாக சேவ் செய்யுங்கள். 'கட்டியாச்சு' என்ற வாய் வார்த்தை ரசீது ஆகாது. 2010லிருந்து 'டான்ஜெட்கோ' என்று இருந்த பகிர்மான நிறுவனம் 2024ல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டது. எனவே பழைய புக்மார்க் வைத்திருப்பவர்கள் புதிய முகவரியைச் சேர்த்துக்கொள்ளவும்.

6. போர்ஷன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன சோதனை. உங்கள் மெயின் ஸ்விட்சை ஆப் செய்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு நின்றுவிட வேண்டும். இன்னும் சிமிட்டினால் அந்த மீட்டரிலிருந்து வேறு எங்கோ லைன் போகிறது என்று பொருள். சீலில் மட்டும் கை வைக்காதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட.

புகார் எங்கே கொடுப்பது?

முதலில் உங்கள் பகுதி ஈ.பி. பிரிவு அலுவலகம். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். இணைப்பு எண், எந்தத் தேதியில் என்ன ரீடிங், உங்கள் கணக்கு எவ்வளவு, பில் எவ்வளவு. நான்கு வரி போதும். யூனிகோட் தமிழில் டைப் செய்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் தொடங்கப்பட்ட 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். அவர்கள் தரும் புகார் எண்ணை எக்ஸெல் பைலில் குறித்துக்கொள்ளவும்.

அங்கே தீரவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனு செய்யலாம். அதுவும் திருப்தி இல்லை என்றால் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டும் 2003 சட்டப்படி வந்தவை. வக்கீல் தேவையில்லை. காகிதம்தான் தேவை.

தகராறு நடக்கும்போது ப்யூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 56ஆவது பிரிவு. கேட்ட தொகையை 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிக் கட்டினாலோ, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி கட்டி வந்தாலோ, தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. மீட்டரே பழுது என்றால் தமிழ்நாட்டு வழங்கல் விதித்தொகுப்பின்படி, மீட்டர் ஒழுங்காக ஓடிய முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்தச் சராசரி சரியா என்று பார்க்க உங்கள் பைல் உதவும்.

சொந்த வீடு வாங்குபவர்களும் கவனியுங்கள். பழைய உரிமையாளர் வைத்த பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்க விதிகள் இடம் கொடுத்தால், அப்படிக் கேட்பது செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே பத்திரப் பதிவுக்கு முன்பே அந்த இணைப்பு எண்ணைப் போட்டு பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வில்லங்கச் சான்று பார்ப்பதைப் போல இதுவும் ஒரு பழக்கமாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

"நீங்கள் பில் கட்டவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த எண்ணை அழைக்கவும்" என்று 2022லிருந்து எஸ்.எம்.எஸ். சுற்றுகிறது. அழைத்தால் ஒரு அப்ளிகேஷனை டவுன்லோட் செய்யச் சொல்வார்கள். அதைப் போட்டதும் உங்கள் போன் திரை அவர்கள் கைக்குப் போய்விடும், வங்கிப் பணமும் கூடவே போகும். பில் தகராறில் இருப்பவர்தான் இதில் எளிதாக ஏமாறுவார், ஏனென்றால் பயம் ஏற்கனவே மனதில் இருக்கிறது. உங்களிடம் ரசீது பைல் இருந்தால் பயம் வராது. எஸ்.எம்.எஸ்.சை அழித்துவிட்டு, இணையதளத்தில் நீங்களே எண்ணைத் தட்டி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கட்சி இதுதான்

வீடு மாறுபவர் நடுவில் ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லிக் கேட்டால், அந்தத் தேதியோடு கணக்கை முடித்து, ஸ்லாபையும் பிரித்துத் தரும் வசதி வர வேண்டும். இணையதளத்தில் ஒரு பட்டன் போதும். ஊரடங்கில் இரண்டாகப் பிரிக்க முடிந்த கணக்கை, வீடு மாறும்போதும் பிரிக்கலாம். வாடகைக்காரர் பெயரும் 'குடியிருப்பவர்' என்று பில்லில் ஏற வேண்டும். இது நடக்கும் வரை நம் பாதுகாப்பு நம் கையில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் இப்போது யார் காலி செய்தாலும் முதலில் என்னைக் கூப்பிடுகிறார். "சார், அந்த மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டு வைங்க. அப்புறம்தான் அட்வான்ஸ்" என்கிறார். மூன்று போர்ஷனுக்கும் என் கம்ப்யூட்டரில் மூன்று போல்டர்கள் இருக்கின்றன.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் மீட்டரை ஒரு படம் எடுத்து வாருங்கள். இன்றைய தேதி, இன்றைய எண். புதிய கம்ப்யூட்டரில் நீங்கள் சேவ் செய்யும் முதல் உருப்படியான பைல் அதுவாக இருக்கட்டும்.